கப்பலின் பெயர் சென்னை. கருவியின் மொழி எது?

தி.பி. 2047-ஆம் ஆண்டு (2016) நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் மும்பையில் ஒரு போர்க்கப்பல் இந்தியக் கடற்படையோடு சேர்க்கப்பெற்றது. அதற்கு இட்ட பெயர் 'சென்னை'. கொல்கத்தா வகையைச் சேர்ந்த அழிப்புக் கப்பல்கள் மூன்றனுள் அஃது இறுதியானது. 2014-இல் 'கொல்கத்தா'வும் 2015-இல் 'கொச்சி'யும் அதற்கு முன்னர்ப் பணியிற் சேர்ந்தன. தமிழ்நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கிய கப்பல் என்று மகிழ்ந்த தமிழர் பலர். மகிழ்வது தவறன்று. ஆனால், பெயரைக் கண்ட அளவிலேயே நிறைவுற்றுப் போவது தமிழனைப் பற்றிய நெடுநாளைய நோய்.

அந்நோயின் வேரை அறிய விழைவோர் காஞ்சிபுரத்தையடுத்த கூரத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வூரிற் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னனுடையது. சாளுக்கிய விக்கிரமாதித்தனை அவன் பெருவளநல்லூரில் முறியடித்த போரை அச்செப்பேடு விரித்துரைக்கின்றது. களத்தில் எழுந்த புழுதியும் மோதிய படைகளும் தோற்றோடிய பகைவனும் அதிற் காட்டப்பெறுகின்றனர், எல்லாம் வடமொழியில்! மன்னன் ஊர்ந்த யானைக்கு 'அரிவாரணம்' என்று பெயர். குதிரைக்கு 'அதிசயம்' என்று பெயர். அவையும் வடசொற்களே.

புகழுரை முடிகின்றது. கோயிலுக்கு விட்ட ஊரின் எல்லை யாது, ஏரிக்கு நீர் எவ்வழி வரும், பங்கு யார் யார்க்கு எத்துணை என்று கூறவேண்டிய இடம் வருகின்றது. உடனே செப்பேடு தமிழுக்கு மாறிவிடுகின்றது! பாலாற்றினின்று வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலைத் தமிழிலன்றி வேறெம்மொழியிற் கூறினும் அவ்வூர் உழவனுக்கு விளங்காது என்பதை அரசு அறிந்திருந்தது. புகழுக்கு வடமொழி, வேலைக்குத் தமிழ் என்னும் அப்பிரிவினை நமக்கு இழிவே. ஆயினும் அன்று வேலையேனும் தமிழிடம் இருந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த இன்றோ, பெயர்ப்பலகைதான் நமக்கு; வேலை நம்மிடம் இல்லை.

'சென்னை' என்னும் அக்கப்பலுக்குள் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம். நீளம் ஏறத்தாழ 163 மீட்டர். எடை 7,000 டன்னுக்கு மேற்பட்டது. அதன் கூம்பின் நான்கு புறங்களிலும் நான்கு தட்டையான முகங்கள் பதிக்கப்பெற்றுள்ளன. ஆங்கிலத்தில் ராடார் எனப்படும் கருவி அது. கதுவுதல் என்றால் பற்றுதல்; ஆதலின் தமிழில் இதனைக் 'கதுவீ' என்று ஆக்கியுள்ளனர். மின்காந்த அலைகளை அது விடுக்கும். எதிர்ப்படும் பொருளில் மோதி அவை மீளும். மீள எடுத்த நேரத்தைக் கொண்டு பொருளின் தொலைவை அளக்கும். பழைய கதுவீகள் சுழன்று சுழன்று திசைக்கொரு முறை பார்த்தன. இந்நான்கு முகங்களோ அசையாமலே அலைக்கற்றையைத் திருப்பி, எல்லாத் திசையையும் ஒருங்கே நோக்குகின்றன. இதனை ஆக்கியது இசுரேல்.

கப்பலின் அணியத்தின் அடியில், நீருக்குள், இன்னொரு கருவி உள்ளது. மின்காந்த அலை கடல்நீருள் நெடுந்தொலைவு செல்லாது, ஒலி செல்லும். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் அளவிற் செல்கின்றது. அவ்வொலியை விடுத்து, எதிரொலியைக் கேட்டு, மறைந்திருக்கும் நீர்மூழ்கியை அறிவது அக்கருவியின் பணி. கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகம் உருவாக்கிய அதற்கு 'அம்சா' என்று பெயர்.

கண்டபின் தாக்கவேண்டும் அன்றோ? செங்குத்தாக எழும் 32 வான்காப்பு ஏவுகணைகள் உள்ளன. அவை இசுரேலும் இந்தியாவும் கூடிச் செய்த 'பராக்-8'. பகைக் கப்பலைத் தாக்க 16 'பிரமோசு' ஏவுகணைகள். இவை ஒலியினும் ஏறத்தாழ 2.8 மடங்கு விரைவின, 290 கி.மீ. தொலைவை ஐந்து நிமையத்திற் கடப்பன. 2020 அத்தோபர் 18-ஆம் நாள் அரபிக் கடலில் இக்கப்பலினின்றே ஒன்றை ஏவி இலக்கை அடித்துக் காட்டினர். முன்புறத்தில் இத்தாலிய வகைப்பட்ட 76 மி.மீ. பீரங்கி. அண்மையில் வந்துவிட்ட ஏவுகணையைச் சிதைக்க, ஆறு குழல்கள் சுழன்று சுடும் உருசியத் துமுக்கிகள் நான்கு. நீர்மூழ்கியை அழிக்க நீரடிக் கணைக் குழல்கள் நான்கும், எறிகணை ஏவிகள் இரண்டும் உள்ளன. பகைவனின் நீரடிக் கணையை ஏமாற்றிப் பிறிதொரு பக்கம் இழுக்கும் பொய்யுருவும் உண்டு. அதற்கு 'மாரீசன்' என்று பெயர்!

இவ்வளவையும் தமிழிலேயே கூறினோம். இவற்றுள் எது விளங்கவில்லை? அறிவியலைத் தமிழிற் கூறவியலாது என்பார் இதற்கு விடை கூறுவாராக.

இனிப் பெயர்களை நோக்குக. பிரமோசு என்பது பிரமபுத்திரா, மாசுக்குவா என்னும் இரண்டு ஆறுகளின் பெயர்க்கூட்டு. ஈராற்று மக்கள் தம் ஆறுகளை ஏவுகணையில் எழுதிக்கொண்டனர். அம்சா என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு; மாரீசன் வடமொழிப் பெயர். அரிவாரணமும் அதிசயமும் போன இடம் இதுதான். பராக்கு என்பது எபிரேயச் சொல். மின்னல் என்பது அதன் பொருள்.

இந்த எபிரேயத்தைப் பற்றித் தமிழர் சற்று எண்ணல் வேண்டும். பல நூற்றாண்டுகளாக அன்றாடப் பேச்சில் இல்லாது, வழிபாட்டுக்கும் நூல்களுக்கும் மட்டுமே நின்ற மொழி அது. 1913-இல் ஐபா நகரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவ முனைந்தபோது, செருமன் மொழியிலேயே அறிவியல் கற்பிக்கவேண்டும் என்றனர் அதற்குப் பொருளுதவி செய்தோர். எபிரேயத்தில் அறிவியற் சொற்கள் ஏது என்பதே அவர்தம் வினா. ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். 'மொழிகளின் போர்' என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றது. 1924-இல் தெக்னியோன் என்னும் அந்நிலையம் திறக்கப்பெற்றபோது எபிரேயமே பயிற்றுமொழியாயிற்று. மொழி ஒன்றினாலேயே கதுவீ பிறந்துவிட்டது என்று கூறோம்; பொருளும் உழைப்பும் வல்லரசுகளின் துணையும் அதற்கு வேண்டும். அவ்வரசின் செயல்கள் அனைத்தையும் ஏற்போமும் அல்லேம். ஆயினும், 'எம்மொழியில் இயலாது' என்று கைகட்டி நின்றவர் கையில் எக்கருவியும் பிறந்ததில்லை. பேச்சிழந்த மொழியால் இயன்றது, எட்டுக் கோடி மக்கள் நாவில் வாழும் தமிழால் இயலாதா?

இயலும் என்பதற்குச் சான்று வெளியே தேடவேண்டா. ஏவுகணை, நீர்மூழ்கி, கண்ணிவெடி, வானூர்தி என்னும் சொற்களை எவரும் இன்று புதுமையாகக் கருதுவதில்லை; தேநீர்க் கடையிலும் அவை வழங்குகின்றன. நம் நெய்தல் மக்களின் கட்டுமரம் ஆங்கிலத்துட் புகுந்து உலகக் கடல்களில் ஓடுகின்றது. நாமோ, அழிப்புக் கப்பலை 'நாசகாரி' என்றெழுதிக் கொண்டிருக்கின்றோம்.

இது சொல்லளவில் நிற்கும் வழக்கன்று, உயிரோடு தொடர்புடையது. 2022 அத்தோபர் 21-ஆம் நாள் பாக்கு நீரிணைப் பகுதியில் தமிழ்நாட்டு மீனவர் சென்ற படகின்மீது இந்தியக் கடற்படைக் கலம் ஒன்று சுட்டது. மீனவர் ஒருவர் படுகாயமுற்றார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. எம்மொழியில் எச்சரித்தனர்? இவ்வினாவை நாம் கேட்டோமா? முந்நூறு கி.மீ.க்கு அப்பாலுள்ள இலக்கை அடிக்கவல்ல படை, கூப்பிடு தொலைவில் நிற்பவன் தன் குடிமகன் என்பதை அறியாது போயின், குறை கருவியிலன்று. கேட்கும் செவியும் பேசும் நாவும் அக்கலத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

அந்நாவு கலத்தில் ஏறும் வழியும் அடைபட்டிருக்கின்றது. கடற்படை வீரர் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அமைவது வழக்கம். இந்திக்காரன் தன் தாய்மொழியில் எழுதுகின்றான். கடலிற் பிறந்து வளர்ந்த தமிழிளைஞன் பிறன் மொழியில் எழுதுகின்றான். இதனை மாற்றவியலாது என்பதும் பொய். நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் எழுதலாம் என்று 2023-இல் அறிவித்து, 2024-இல் நடத்தியும் காட்டினர். நிலத்துக் காவலுக்கு இயன்றது நீர்க்காவலுக்கு ஏன் இயலாது?

நம் வேண்டுகோள் மூன்று. கடற்படைத் தேர்வு தமிழில் நடத்தப்பெறல் வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்பரப்பிற் சுற்றும் ஒவ்வொரு கலத்திலும் தமிழறிந்தோர் இருந்து, எச்சரிக்கைகள் தமிழிலேயே ஒலித்தல் வேண்டும். நம் பொறியியற் கல்லூரிகளில் கதுவீயும் ஒலியியலும் ஏவுகணை இயலும் தமிழிற் கற்பிக்கப்பெறல் வேண்டும்.

முன்னிரண்டும் நடுவணரசிடம் கேட்பவை. மூன்றாவது நம்மிடம் நாமே கேட்பது. சொல் ஆக்கியதோடு நம் கடன் முடிந்ததென்று எண்ணும் தனித்தமிழன்பர் நம்முள்ளும் உளர். சொல், பட்டியலிற் கிடந்தால் பிணம். பாடநூலிலும் பட்டறையிலும் புழங்கினால் உயிர். கூரத்திற்கு அருகிலுள்ள அரக்கோணத்தில், 1992 முதல் கடற்படையின் 'இராசாளி' வானூர்தித் தளம் உள்ளது. நீர்மூழ்கிகளைத் தேடும் வானூர்திகள் அங்கிருந்தே எழுகின்றன. அவை எவ்வாறு தேடுகின்றன என்று அவ்வட்டாரத்து மாணவன் ஒருவன் தமிழிற் படித்தறிய ஒரு நூல் உண்டா? இல்லையெனின், அதனை எழுதவேண்டியவர் தில்லியில் இல்லை. இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் நம்முள்ளேயே இருக்கின்றார்.

பொறியறிந்த தமிழர்களே! வாய்க்காலின் எல்லையைத் தமிழில் எழுதிய கை நம் முன்னோர் கை. அக்கை இனிக் கருவியின் இயக்கத்தையும் தமிழில் எழுதுக. பெயர்ப்பலகையில் நின்றுவிட்ட தமிழைப் பொறியறைக்குள் அழைத்துச் செல்க!