குடும்பத்தின் குரல் புகாருக்கு முன்பே கேட்கப்பட வேண்டும்

புக்கிட் பெருவாங் – மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தால் அவரைச் சுற்றி டாக்டர், தாதி, மருந்தாளர் எனப் பலர் வந்து போகிறார்கள். ஆனால் அவர் நேற்று எப்படிப் பேசினார், இன்று காலை எப்படி மாறிவிட்டார் என்பதை முழுமையாகப் பார்த்திருப்பது பெரும்பாலும் குடும்பத்தார்தான். ஷிப்டு மாறும், வார்டு மாறும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ மகளோ மாறுவதில்லை. அவர்கள் “இவருக்கு என்னவோ சரியில்லை” என்று சொன்னால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? பல நாடுகளில் இதற்காகவே விதிகள் வந்துவிட்டன. மலேசியாவில் இந்தக் கேள்வி இன்னும் உரக்க எழவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதோவொரு தீங்கு நேர்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். இத்தீங்குகளில் ஏறக்குறைய பாதி தடுக்கக்கூடியவை. இதனால்தான் 2019ஆம் ஆண்டு உலகச் சுகாதார மாநாடு செப்டம்பர் 17ஆம் தேதியை உலக நோயாளி பாதுகாப்பு நாளாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டு அந்நாளின் கருப்பொருளே நோயாளிகளையும் குடும்பத்தாரையும் பாதுகாப்புப் பணியில் சேர்த்துக்கொள்வதுதான். 2024 ஏப்ரலில் வெளியான நோயாளி பாதுகாப்பு உரிமைச் சாசனம் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டது. தம் குரல் கேட்கப்படுவதும் அவற்றில் ஒன்று.

கிள்ளான் வழக்கு சொல்லும் பாடம்

2019 ஜனவரியில் கிள்ளானில் உள்ள ஒரு தனியார் பிரசவ மையத்தில், இரண்டாவது குழந்தையைப் பெற்றெடுத்த ஓர் இந்தியத் தாய் கடும் இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். தகுதியற்ற தாதியரின் பொறுப்பில் அந்தத் தாய் விடப்பட்டிருந்ததை ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2025 ஜனவரியில் ஏறக்குறைய 60 இலட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. பெரும்பாலும் பேசப்பட்டது தொகையைப் பற்றி. ஆனால் கவனிக்க வேண்டியது காலக்கணக்கை. தீர்ப்பு வர ஆறு ஆண்டுகள் ஆயின. உயிர் போனதோ ஒரே நாளில். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு விஷயங்கள் தேவை. இது ஆபத்து என்று அடையாளம் காணத் தெரிய வேண்டும். அப்படிக் கண்டவுடன் யாரிடம் சொன்னால் உடனே நடவடிக்கை எடுப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். நீதிமன்றம் குற்றத்துக்கு விலை வைக்கலாம். போன உயிரைத் திருப்பித் தர அதனால் முடியாது.

பெற்றோரின் போராட்டத்தில் பிறந்த விதிகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2007இல் மூன்று வயதுகூட நிரம்பாத ரையன் என்ற சிறுவன் நோய்த்தொற்று உரிய நேரத்தில் கண்டறியப்படாமல் இறந்தான். பெற்றோரின் கவலைக்கு உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. அதன் விளைவாக 2013இல் ‘ரையன் விதி’ வந்தது. முதலில் தாதியிடமோ டாக்டரிடமோ சொல்லலாம். திருப்தி இல்லையென்றால் பொறுப்புத் தாதியிடம் சொல்லலாம். அப்போதும் பலனில்லையென்றால் குடும்பத்தாரே ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, மருத்துவ மறுபரிசோதனையைக் கேட்கலாம்.

அதே நாட்டின் பெர்த் நகரில் 2021 ஏப்ரல் 3ஆம் தேதி ஏழு வயது ஐஸ்வர்யா இறந்தாள். பெற்றோர் கேரளத்திலிருந்து குடியேறியவர்கள். குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். மகளின் கைகள் குளிர்ந்து போனதையும் கண்ணில் ஏற்பட்ட மாற்றத்தையும் பார்த்து ஊழியர்களிடம் பலமுறை முறையிட்டார்கள். இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்று அவள் உயிரைப் பறித்தது. பின்னர் பெற்றோர் மருத்துவமனை வாசலில் உண்ணாவிரதம் இருந்தனர். இன்று அம்மாநில மருத்துவமனைகளில் குடும்பத்தார் உதவி கோரும் அழைப்பு முறை அவள் பெயரையே தாங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் அதே 2021இல் பதின்மூன்று வயது மார்த்தா இறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணை கூறியது. அவளுடைய பெற்றோரின் தொடர் முயற்சியால் 2024 முதல் ‘மார்த்தா விதி’ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

குடும்பத்தார் அழைக்கத் தொடங்கினால் வார்டு தாங்குமா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை ஏறக்குறைய 4,900 அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவை குடும்பத்தாரிடமிருந்து. அவற்றில் 240க்கும் மேற்பட்டவை உயிர்காக்கக்கூடிய சிகிச்சைக்கு வழிவகுத்தன. பல மருத்துவமனைகளில் பத்து மாதங்களில் வந்த அழைப்புகள் இவை. வார்டை முடக்கும் எண்ணிக்கை அல்ல.

மலேசியாவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

மலேசியா இதில் பின்தங்கிய நாடு என்று சொல்லிவிட முடியாது. 1991 முதலே ஒவ்வொரு தாய் மரணத்தையும் இரகசிய விசாரணை மூலம் ஆராய்ந்து பாடம் கற்கும் முறை இங்கு உண்டு. கர்ப்பிணிகளின் புத்தகத்தில் ஒட்டப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை அடையாளங்கள் ஆபத்தின் அளவைக் காட்டுபவை. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. 2003இல் நோயாளி பாதுகாப்பு மன்றம் அமைக்கப்பட்டது. 2021இல் புதுப்பிக்கப்பட்ட தேசிய இலக்குகள் ஏழு: சம்பவங்களைப் பதிவு செய்து பாடம் கற்பது, பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை, நோய்த்தொற்றுத் தடுப்பு, மருந்துப் பாதுகாப்பு, இரத்தம் ஏற்றுவதில் பாதுகாப்பு, நோயாளி விழாமல் தடுப்பது, நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது.

இந்த ஏழும் மருத்துவமனை செய்ய வேண்டியவை. “என் அப்பாவின் நிலை மோசமாகிறது, இன்னொரு டாக்டர் வந்து பார்க்க வேண்டும்” என்று குடும்பம் நேரடியாக அழைக்கும் வழி இந்த ஏழில் தனி இலக்காக இல்லை.

தீங்கு நேர்ந்த பிறகு போக வேண்டிய கதவுகளோ பல. அரசாங்க மருத்துவமனை என்றால் மருத்துவமனை இயக்குநர் அலுவலகத்திலும், ‘சிஸ்பா’ எனப்படும் அரசாங்கப் புகார் இணைய முறையிலும் புகார் செய்யலாம். தனியார் மருத்துவமனை என்றால் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி நோயாளிகளின் குறைதீர்க்கும் ஏற்பாடு அங்கேயே இருந்தாக வேண்டும். அங்கு தீர்வு இல்லையென்றால் மாநிலச் சுகாதார இலாகா. டாக்டரின் நடத்தை குறித்த புகார் என்றால் மலேசிய மருத்துவ மன்றம்.

நீதிமன்றங்களும் நோயாளியின் பக்கம் நகர்ந்திருக்கின்றன. சிகிச்சையின் அபாயங்களை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை, எவ்வளவு சொன்னால் போதும் என்பதை மற்ற டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. அங்கு பணிபுரியும் டாக்டர் தனித்து இயங்குபவர் என்று காட்டித் தனியார் மருத்துவமனை பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் காலக்கெடு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அரசாங்க மருத்துவமனைமீது வழக்குத் தொடுக்க 36 மாதங்கள். தனியார் மருத்துவமனைமீது பொதுவாக ஆறு ஆண்டுகள். காரியம் முடிந்து, துக்கம் ஆறி, “போனது போகட்டும்” என்று இருந்துவிட்டுப் பிறகு யோசிக்கும் குடும்பங்கள் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடக்கூடும்.

தோட்டம் கற்றுக்கொடுத்த மௌனம்

மலாக்காவின் தாமான்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ஜாசின், அலோர் காஜா, புக்கிட் அசஹான் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெசர். காய்ச்சலா, வெட்டுக்காயமா, அவர் கொடுப்பதுதான் மருந்து. வேலைக்கு விடுப்பு கிடைக்குமா என்பதும் அவர் எழுதும் துண்டுச் சீட்டைப் பொறுத்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமே 1965இல்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் “ஏன் இந்த மருந்து?” என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகவே கருதப்பட்டது.

தோட்டம் துண்டாடப்பட்டது, லயத்து வீடுகள் காலியாயின. மௌனம் மட்டும் பெட்டியோடு டவுனுக்கு வந்தது. இன்றும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், கேள்வி கேட்பதை நன்றிகெட்டதனமாக நினைக்கிறார். “கேட்டால் பிறகு சரியாகக் கவனிக்க மாட்டார்கள்” என்ற பயம் வேறு. மொழியும் ஒரு சுவர். தமிழில் “நெஞ்சைப் பிசையுது, ஒரு மாதிரியா இருக்கு” என்று துல்லியமாகச் சொல்லும் பாட்டி, மலாயில் “சாக்கிட்” என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறார். டாக்டரின் குறிப்பில் அந்த ஒற்றைச் சொல்தான் ஏறுகிறது.

குரல் கொடுக்கத் தெரியாத சமூகம் அல்ல இது. 1967இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைப் பிரச்சினைக்காகக் கோலாலம்பூருக்கு நடந்தே புறப்பட்ட மாநிலம் மலாக்கா. கூலிக்காக எழுந்த குரல் கட்டிலருகில் மட்டும் அடங்கிப் போவதற்குக் காரணம் பழக்கம்தான். பழக்கத்தை மாற்ற முடியும்.

கட்டிலருகில் செய்ய வேண்டியவை

முதலாவது, குடும்பத்தில் ஒருவரைப் பேசுபவராகத் தேர்ந்தெடுப்பது. ஐந்து பேர் ஐந்து முறை ஒரே கேள்வியைக் கேட்டால் ஊழியர்களும் சலித்துப் போவார்கள், தகவலும் சிதறும். மலாய் நன்றாகத் தெரிந்த மகனோ மருமகளோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

இரண்டாவது, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன மருந்து மாறியது என்று எழுதி வைத்தால் போதும். அன்றைக்கு அது டாக்டருக்கு உதவும். பிறகு தேவைப்பட்டால் புகாருக்கும் அதுவே ஆதாரம்.

மூன்றாவது, மருந்துப் பை. இனிப்புநீருக்கும் இரத்தக்கொதிப்புக்கும் அரசாங்கக் கிளினிக் மருந்து, மூட்டு வலிக்குத் தனியார் கிளினிக் மாத்திரை, இடையில் நாட்டு மருந்து என்று மூன்று இடத்து மருந்தை ஒரே உடம்பு தாங்குகிறது. எல்லாவற்றையும் பெட்டியோடு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்ட வேண்டும். ஒவ்வாமை இருந்தால் மருந்தாளர் தரும் ஒவ்வாமை அட்டையை அடையாள அட்டையோடு வைத்திருப்பது நல்லது. ஊசி போடும் முன்பும் இரத்தம் ஏற்றும் முன்பும் பெயரைக் கேட்கிறார்களா, கைப்பட்டையைப் பார்க்கிறார்களா என்று கவனிப்பதில் தவறில்லை.

நான்காவது, ஆபத்தின் அடையாளங்கள். திடீரெனக் குழறும் அல்லது குழம்பும் பேச்சு, வேகமான மூச்சு, குளிர்ந்து வெளிறும் கைகால், குறைந்துபோன சிறுநீர், எழுப்பினாலும் எழாத தூக்கம், பிரசவித்த தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனையும் இரத்தப்போக்கு. இவற்றில் எதைக் கண்டாலும் காலை ரவுண்டு வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. “ஆயா சாயா செமாக்கின் தெருக், தோலோங் பங்கில் டாக்டர் செக்காராங்” – அப்பாவின் நிலை மோசமாகிறது, இப்போதே டாக்டரை அழையுங்கள் – என்று சொன்னால் போதும். தாதியிடம் பலனில்லையென்றால் வார்டு சிஸ்டர், பிறகு பணியில் உள்ள டாக்டர், பிறகு நிபுணர், கடைசியாக இயக்குநர் அலுவலகம் என்று படிப்படியாக ஏறலாம்.

கைப்பேசியை நீட்டி வீடியோ எடுத்து முகநூலில் போடுவது இந்தப் படிகளில் ஒன்றல்ல. அது அந்த நேரத்தில் சிகிச்சையை வேகப்படுத்தாது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் அந்தரங்கத்தையும் கெடுக்கும். 2021 ஜூலை 26ஆம் தேதி நாடு முழுவதும் ஒப்பந்த டாக்டர்கள் பணியிலிருந்து வெளியே வந்து நின்றதை மறந்துவிட முடியாது. வார்டில் நிற்பவர்களும் களைத்தவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது தெளிவான தகவல். மிரட்டலால் யாருக்கும் பயனில்லை.

மலாக்காவில் தொடங்கலாம்

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தனியாகக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. ஆலய நிர்வாகங்களும் இளைஞர் இயக்கங்களும் இரத்ததான முகாமும் இலவச மருத்துவப் பரிசோதனையும் நடத்தப் பழகியவை. அதே மேடையில் ஒரு மணி நேரம், ஓய்வுபெற்ற தாதி ஒருவரையும் மருந்தாளர் ஒருவரையும் அழைத்து இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். பல்கலைக்கழகம் இருக்கும் புக்கிட் பெருவாங்கில் மலாயும் தமிழும் தெரிந்த மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனைக்குத் துணையாக வர ஆள் இல்லாத முதியவர்களுக்கு அவர்கள் மொழித்துணையாகலாம்.

சுகாதார அமைச்சிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் எளியது. ஒவ்வொரு கட்டிலருகிலும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் ஓர் அட்டை. “நோயாளியின் நிலை மோசமாகிறது என்று நினைக்கிறீர்களா? இந்த எண்ணை அழையுங்கள்” என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அழைத்தால் அந்த வார்டைச் சேராத ஒரு டாக்டரோ மூத்த தாதியோ வந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாநில மருத்துவமனையில் ஓராண்டு நடத்திப் பார்த்து, எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை பேருக்குச் சிகிச்சை மாறியது என்று கணக்கை வெளியிட்டால் போதும். குவீன்ஸ்லாந்திலும் இங்கிலாந்திலும் பெர்த்திலும் ஒரு பிள்ளை இறந்த பிறகுதான் அந்த எண் வந்தது. மலேசியா அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.