வண்டி வராத ரோடும் சாதி கேட்காத ரோடும்

போன மாசம் நல்லவாட்டில் ஒரு சாயங்காலம். மகளிர் குழுக் கூட்டம் முடிந்து நான் கிளம்பும்போது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "அக்கா, இத பாருங்க." நெதர்லாந்து. கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளம், ஓரத்தில் கால்வாய், நடுவில் சிவப்பு நிறத்தில் சைக்கிளுக்கு மட்டுமே ஒரு பாதை. வயசான அம்மா ஒருவர் காய்கறிக் கூடையோடு போகிறார். லாரி இல்லை, பஸ் இல்லை, ஹாரன் இல்லை. "நம்ம ஊரும் இப்பிடித்தானக்கா இருக்கு. மேடு பள்ளமே கிடையாது. பாகூர் ஏரி, வாய்க்கா, வயலு எல்லாம் இருக்கு. இங்க ஏன் முடியல?"

சும்மா கேட்ட கேள்வி இல்லை. அவன் இரண்டு நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் போகத் திட்டம் போட்டிருந்தான். எந்த வழியாகப் போகலாம் என்று என்னிடம் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சமதளம் பற்றி. நிலம் தட்டையாக இருந்ததால் டச்சுக்காரர்களுக்குச் சைக்கிள் பாதை தானாக முளைத்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகியது. 1971இல் மட்டும் 3,000 பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயர். ரோட்டை மறித்து மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. அந்தப் போராட்டமும் அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் திட்டமிடுவோரின் மனசை மாற்றின. இன்றைக்கு அங்கே கிராமப்புறத்தில் சைக்கிள் பாதை பிரிகிற இடங்களில் எண் பலகை இருக்கும். 23இல் இருந்து 47, அங்கிருந்து 12 என்று எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு நாள் முழுக்கப் போகலாம். யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

யாரிடமும் வழி கேட்க வேண்டாம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறேன்.

(டச்சுக்காரர்கள் நமக்கு அன்னியர் இல்லை. 1693இல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வாடகை சைக்கிளில் சுற்றும் அந்தக் கட்டம் போட்ட நேர்த் தெருக்களின் வரைபடமே அவர்கள் காலத்தில் போட்டதுதான். இதே சோழமண்டலக் கரையில் இருந்து அவர்கள் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றியதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். பஞ்சத்தில் முதலில் விற்கப்பட்டவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

இனி நம்ம ரோடு. நல்லவாட்டில் இருந்து தவளக்குப்பம் வந்து, கடலூர் மெயின் ரோடு ஏறி, கிருமாம்பாக்கம் போய், மேற்கே திரும்பினால் பாகூர். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் சைக்கிள்காரனை மனுசனாகவே மதிக்காது. ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். ஆனால் அந்த ரோட்டில் ஒரு நன்மை உண்டு. "நீ யாரு, எந்தத் தெரு?" என்று எந்த லாரி டிரைவரும் கேட்க மாட்டான்.

மெயின் ரோடு வேண்டாம் என்று உள்ளே இறங்குங்கள். வயல் வரப்பு, சவுக்குத் தோப்பு, ஏரிக்கரை. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும் சின்ன ரோடு பெரும்பாலும் ஊர்த்தெரு வழியாகவோ கோயில் தெரு வழியாகவோ போகும். சேரி அந்த ரோட்டின் மேல் இருக்காது. அதிலிருந்து பிரிந்து போகும் முட்டுச் சந்தாக இருக்கும். அதற்கு மேலே வழி இல்லை, வயல்தான். யாரும் எங்கேயோ போகிற வழியில் சேரியைக் கடந்து போகக் கூடாது என்பதற்காகவே போட்ட அமைப்பு அது. வண்டி வராத அந்த ரோட்டில் திண்ணையில் இருந்து கேள்வி வரும். "யாருடா தம்பி, யார் வீட்டுப் புள்ள?"

எண் பலகைக்குப் பதில் நமக்கு இருப்பது இந்தக் கேள்விதான்.

என் அப்பா விவசாயக் கூலி. பாகூர் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கேரியரில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவார். ஒரு தெருமுனை வந்ததும் இறங்குவார். என்னை இறக்க மாட்டார், தான் மட்டும் இறங்கி, அந்தத் தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு வருவார். மறுபடி ஏறுவார். செயின் கழன்றிருக்கும் என்று பல வருசம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமூகவியல் எம்.ஏ. வகுப்பில் தமிழகத்துத் தீண்டாமை வடிவங்களின் பட்டியலைப் படித்த அன்றைக்குத்தான் 'சைக்கிளில் செல்லத் தடை' என்ற வரி கண்ணில் பட்டது. வகுப்பிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவர் இறங்குவதை இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அந்த முனை வந்தால் இப்போதும் இறங்கத்தான் செய்கிறார். "முட்டி வலிக்குதும்மா, கொஞ்ச தூரம் நடந்தா நல்லது" என்கிறார். முட்டி வலிக்கும்போது அந்தத் தெருவில் மட்டும் ஏன் நடக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(za)(B) என்ற உட்பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்புப் போடுவதையோ, புதுத்துணி உடுத்துவதையோ, திருமண ஊர்வலம் போவதையோ தடுத்தால் குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 வருசம் சிறை. சைக்கிள் ஓட்டும் உரிமையைச் சாதியின் பெயர் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய நிலை நம் நாட்டுக்கு. பழைய கதையாக இருந்தால் 2015இல் நாடாளுமன்றம் ஏன் இதை எழுதியது? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகவே எங்கள் பிள்ளையின் கைகளை வெட்டினார்கள் என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பத்தார் புகார் சொன்னார்கள்.

சாலை நமக்கு எப்போதும் இப்படித்தான் கிடைத்திருக்கிறது, ஏறி உட்கார்ந்துதான். அய்யன்காளி 1893இல் வில்வண்டியில் ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனார். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது 1901இல் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டும் வண்டியைத் தொட்டு ஓட்ட மறுத்தார். பிள்ளைகளே ஓட்டினார்கள், அவர் கூடவே நடந்தார். 1929இல் சாளிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்ததும், அனுபவமில்லாத ஒருவர் ஓட்டி அவர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்ததும் அவரே எழுதி வைத்திருக்கும் சம்பவங்கள். அப்போது அவர் பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினர். சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் சாதி கூட ஓடி வந்திருக்கிறது.

சைக்கிள் ஒரு விடுதலைக் கருவியாக இருந்த கதையும் நம்மிடம் உண்டு, அதற்கு நெதர்லாந்து போக வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்கப்படுத்தினார். கல் குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே! பஸ்ஸுக்காகவும் அப்பன், அண்ணன், புருசனுக்காகவும் காத்திருப்பது நின்றது. பின்னால் 2001-02இல் தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியபோதும் முதலில் கொடுத்தது ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான். அந்தப் புதுக்கோட்டையில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சைக்கிள் சாதியை ஒழிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்ணை அதற்குப் பிறகு வீட்டில் பிடித்து வைப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

இங்கே நம் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் "எல்லோரும் சைக்கிளுக்குத் திரும்ப வேண்டும்" என்கிறார்கள். இருபது வருசம் சைக்கிள் மிதித்துக் கொத்தனார் வேலைக்குப் போய், இப்போதுதான் தவணையில் ஒரு பைக் வாங்கியிருக்கும் சேரி அண்ணனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 50,000 ரூபாய் சைக்கிளில் ஹெல்மெட்டோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்குச் சைக்கிள் ஒரு விருப்பம். அந்த அண்ணனுக்கு அது தப்பித்து வந்த ஒன்று. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் அரைக்கால் சட்டையோடு எந்தத் தெருவில் ஓட்டினாலும் ஊர்க்காரர்கள் சிரித்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீர் சொம்பு நம் பையனுக்கு வருமா?

ஆனாலும் சைக்கிள் பாதையே பணக்காரப் பேச்சு என்று ஒதுக்கவும் நான் தயாரில்லை. மெயின் ரோட்டு ஓரத்தில் இன்றைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் யார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாட்ச்மேன்கள், கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள், கேரியரில் மீன் பெட்டி கட்டியவர்கள். பாதை வந்தால் முதல் பயன் இவர்களுக்கு. ஆகவே கேட்க வேண்டும். அது சேரியைத் தொட்டுப் போக வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். முட்டுச் சந்தாக இருக்கும் காலனி ரோடு அடுத்த ஊருக்குப் போகும் வழியாக மாற வேண்டும்.

யாரிடம் கேட்பது? இதுதான் புதுச்சேரியின் கேவலம். இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 38 வருசம் கழித்து 2006இல் நடந்தது. அந்தப் பதவிக் காலம் 2011இல் முடிந்ததோடு சரி. வார்டு உறுப்பினர் இல்லை, கொம்யூன் தலைவர் இல்லை, அதனால் இட ஒதுக்கீட்டில் வர வேண்டிய தலித் பெண் உறுப்பினரும் இல்லை. ஒரு தெருவின் தலையெழுத்தை ஆணையரும் எம்.எல்.ஏ.வும் முடிவு செய்கிறார்கள். சாலை பற்றிப் பேசும் மாணவர்கள் உள்ளாட்சித் தேர்தல் பற்றியும் பேசாவிட்டால் மனு எழுதிய தாள்தான் வீண்.

தம்பிக்கு என் பதில் இதுதான். போங்க. மூன்று பேர் வேண்டாம், பத்துப் பேராகப் போங்க, பெண் பிள்ளைகளும் வரட்டும். மெயின் ரோட்டில் வேண்டாம், உள்வழியாகவே போங்க. எந்த இடத்தில் ரோடு முடிகிறது, எந்த இடத்தில் யார் நிறுத்தி என்ன கேட்டார்கள், எந்த முனையில் நம் பெரியவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள் என்று போனில் இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், தேதியும் நேரமும் எழுதினால் போதும். சட்டப்பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு மாசம் கழித்து அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆணையர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போகலாம்.

நானும் வருகிறேன். ஞாயிறு காலை 6 மணிக்குத் தவளக்குப்பம் சந்திப்பில் நிற்பேன். ஒருவராவது பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் கொண்டு வாருங்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது. அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.