கனேடியப் படையணியும் இலங்கை யானையும்

யூலை 1 கனடாவின் தேசிய தினம். அதே நாளைத் தனது பிறந்த நாளாகவும் கொண்ட விமானப் படையணி ஒன்று அந்நாட்டில் உண்டு. 1941 யூலை 1ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரன்ரார் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட 413ஆவது படையணியே அது. இப்போது நோவா ஸ்கோசியா மாகாணத்தின் கிறீன்வூட் தளத்திலிருந்து, அத்திலாந்திக் கடலில் ஆபத்துக்குள்ளானோரைத் தேடி மீட்கும் பணியைச் செய்து வருகின்றது. அதன் சின்னத்தில் இருப்பது யானைத் தலை. பனியும் கடுங்குளிரும் நிறைந்த நாட்டின் படையணிக்கு யானை எங்கிருந்து வந்தது? எமது இலங்கையிலிருந்துதான்.

ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் பெருந்தொகையாக வாழும் எம்மவர்களில் எத்தனை பேர் இதனை அறிவர் என்பது எனக்குச் சந்தேகமே. இலங்கைக்கும் கனடாவுக்குமான உறவு 1983க்குப் பின்னர் அகதிகளாகச் சென்றோருடன் ஆரம்பித்ததாகவே பலரும் எண்ணுகின்றனர். அதற்கு நான்கு தசாப்தங்களுக்கு முன்னரே கனேடிய இளைஞர்கள் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியில் வந்து இறங்கினார்கள் என்பதும், அவர்களில் சிலர் எமது கடலிலேயே மாண்டு போனார்கள் என்பதும் மறந்துபோன செய்திகள்.

இப்படையணியின் ஆரம்பகாலம் இலகுவானதாக இருக்கவில்லை. ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து வட கடலைக் கண்காணிப்பதே அதன் முதற் பணி. பின்னர் சிங்கப்பூர் வீழ்ந்தது, பர்மா வீழ்ந்து கொண்டிருந்தது, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்கு எஞ்சியிருந்த பிரதான தளம் இலங்கை என்றாயிற்று. எனவே, நீரிலிருந்தே கிளம்பி நீரிலேயே இறங்கும் கட்டலினா விமானங்களுடன் அப்படையணி 1942 மார்ச் இறுதியில் கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. அதன் அதிகாரியான லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 2ஆம் திகதிதான் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 26.

இரண்டே நாட்களில் அவரது பெயர் சரித்திரத்தில் ஏறியது. ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன்னர் கிளம்பிய அவரது விமானம் நாள் முழுவதும் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு பறந்தது. மாலையில், திரும்பும் நேரத்தில், தென்திசை அடிவானத்தில் சில புள்ளிகள் தென்பட்டன. நெருங்கிச் சென்றபோது அவை அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் என்பது தெரிந்தது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே கடற்படை. செய்தியை மூன்று தடவைகள் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கையில் ஜப்பானியப் போர் விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் மூவர் மடிந்தனர். அறுவர் சிறைபிடிக்கப்பட்டனர். செய்தித் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு, பேர்ச்சலைவிட அந்த வானொலி இயக்குநரின் விரல்களே அதிகம் நினைவுக்கு வருகின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை அறியாமலே அவர் கைதியானார்.

செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை ஏற்கனவே கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. இதற்காகவே பேர்ச்சல் 'இலங்கையின் இரட்சகர்' என அழைக்கப்படலானார். அப்பட்டத்தைச் சூட்டியவர் சேர்ச்சில் என்றும் கூறுவர்.

இங்குதான் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. பிரித்தானியக் கட்டளைபீடத்துக்குத் தாக்குதல் வரப்போகின்றது என்பது சங்கேதச் செய்திகள் மூலம் மார்ச் மாத இறுதியிலேயே தெரிந்திருந்தது. ஏப்ரல் முதலாம் திகதியளவில் எதிர்பார்த்து, எதிரி வராததால் அட்மிரல் சொமவில் தமது கப்பல்களை எரிபொருள் நிரப்ப மாலைதீவின் அட்டுவுக்குத் திருப்பியிருந்தார். பேர்ச்சலின் எச்சரிக்கை கிடைத்த பின்னரும் இரத்மலானையில் போர் விமானங்கள் தரையிலேயே நின்றன. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை அவை எழும்பவில்லை. அன்றே கோர்ன்வோல், டோர்செட்ஷயர் ஆகிய இரு கப்பல்களும் மூழ்கி 424 பேர் இறந்தனர். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றியெரிந்தது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கியது. அன்றும் 413ஆவது படையணியின் இன்னொரு கட்டலினா சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த எவருமே உயிர்தப்பவில்லை. அவர்களை இரட்சகர்கள் என்று எவரும் அழைப்பதில்லை.

மேலும், நகுமோவின் கப்பல்களில் தரையிறங்கும் படைகள் இருக்கவில்லை. அவர் வந்தது பிரித்தானியக் கடற்படையை நொறுக்குவதற்கே, தீவைப் பிடிப்பதற்கல்ல. ஆகவே, ஒரு மனிதர் ஒரு தேசத்தைக் காப்பாற்றினார் என்பது போர்க்காலத்துக்குத் தேவைப்பட்ட கதை. அக்கதையில் துறைமுகத்திலும் கொழும்புத் தெருக்களிலும் குண்டுபட்டு இறந்த எம்மவருக்கு இடமில்லை. கொக்கலைக் கிராமத்தவருக்கும் இடமில்லை. விமானத்தளம் அமைப்பதற்காக மிகக் குறுகிய அவகாசத்தில் அவர்கள் தமது வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் எஞ்சிய சிலவற்றில் ஒன்று. இன்று அது அருங்காட்சியகம். படைத்தேவைக்காக ஒரே இரவில் ஊரைவிட்டு எழுப்பப்படுதல் என்றால் என்னவென்று வலிகாமம் வடக்கு மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவற்றைக் கூறுவதால் பேர்ச்சலின் மதிப்பு குறைந்துவிடாது. என்னைக் கேட்டால் அவரது உண்மையான பெருமை ஏப்ரல் 4இல் அல்ல, அதன் பின்னரான மூன்றரை ஆண்டுகளில்தான் இருக்கின்றது. ஜப்பானியச் சிறைமுகாம்களில் உணவு பங்கிடும்போது அதிகாரிகளே கடைசியில் வாங்க வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்படுத்தினார். தனக்குக் கிடைத்தது குறைவு என எந்தச் சிப்பாயாவது எண்ணினால் அதிகாரியின் தட்டை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். நோயாளிகளைத் துறைமுக வேலைக்கு இழுத்துச் சென்றபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்யக்கூடாது என்று கட்டளையிட்டார். அதற்காக அடித்து நொறுக்கப்பட்டார். போரின் பின்னர் அவருக்கு வழங்கப்பட்ட விருதுகளில் ஒன்று இந்த நடத்தைக்கானது. 2004 செப்டெம்பரில் தமது 89ஆவது வயதில் அவர் காலமானார்.

அவரது படையணி 1945 பெப்ரவரியில் கலைக்கப்பட்டது. பின்னர் வெவ்வேறு பணிகளுக்காக மீண்டும் மீண்டும் அமைக்கப்பட்டு, 1968 முதல் மீட்புப் பணியில் இருந்து வருகின்றது. கலைக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் யானையும் காணாமற் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் அதைக் கைவிடவில்லை.

கொக்கலையில் ஓடுபாதை இன்னும் இருக்கின்றது. வாவியும் இருக்கின்றது. அடுத்த தடவை ஊருக்கு வரும் கனேடியத் தமிழர்கள் காலி வீதியால் மாத்தறைப் பக்கம் செல்ல நேர்ந்தால், சற்று இறங்கி விக்கிரமசிங்கவின் வீட்டையும், அதற்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்பையும் பார்த்துவிட்டுப் போகலாம்.