இருபது நாடுகளும் நம் நெய்வேலியும்

'ஊர் கூடித் தேர் இழு' என்பது நம் முன்னோர் வாக்கு. தேரை இழுக்க வடம் வேண்டும், ஆள் வேண்டும், எந்தத் தெரு வழியே இழுப்பது என்ற உடன்பாடும் வேண்டும். உலகப் பொருளாதாரம் என்னும் பெருந்தேரை இழுக்கக் கூடியவர்களே 'ஜி-20' என்னும் இருபதின் கூட்டமைப்பினர். எங்கோ கூடிக் கலையும் அந்தப் பெரியவர்கள் சபைக்கும் குறிஞ்சிப்பாடி வட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே பொருளியல் மாணவனாகிய என் கருத்து.

முதலில் இச்சபை பிறந்த கதையைக் காண்போம். 1975-இல் பிரான்சு நாட்டில் ஆறு செல்வ நாடுகள் கூடின. மறு ஆண்டு கனடா சேர, அவை ஏழாயின. 1997-இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி ஆசிய நாடுகளை உலுக்கியபோதுதான், ஏழு பேர் கூடிப் பேசினால் மட்டும் போதாது என்பது விளங்கிற்று. 1999-இல் பெர்லின் நகரில் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் நிதியமைச்சர்களும் மைய வங்கித் தலைவர்களும் கூடினர். 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது, நாட்டுத் தலைவர்களே வாஷிங்டனில் ஒன்றுகூடினர். அடுத்த ஆண்டு இலண்டன் மாநாட்டில் பன்னாட்டு நிதியத்தின் கடன் வளத்தை 75,000 கோடி டாலராக உயர்த்த இசைந்தனர். தீ பரவும் வேளையில் ஆளுக்கொரு குடம் நீரோடு ஓடிவந்த செயல் அது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.

இன்று 19 நாடுகளும், ஐரோப்பிய ஒன்றியமும், 2023-இல் டெல்லி மாநாட்டில் சேர்க்கப்பட்ட ஆப்பிரிக்க ஒன்றியமும் இதன் உறுப்பினர்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ 85 விழுக்காடும் மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கும் இவர்களிடம் உள்ளன. ஆயினும் இச்சபைக்கு நிலையான அலுவலகம் இல்லை, சாசனம் இல்லை, தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு உள்ள கட்டுப்பாடுகூட இல்லை! நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களுக்கான வீண் மானியங்களைப் படிப்படியாக நீக்குவோம் என்று 2009-இல் பிட்ஸ்பர்க் நகரில் வாக்களித்தனர். அந்த வாக்கு இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது. சோவியத் நாட்டின் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் எழுந்தது. சுரங்கத்தில் மண்ணை வாரிய பெரும் எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. உலக அரங்கில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள், நம் பழுப்பு நிலக்கரிக்காக ஒரே ஊரில் கைகொடுத்தனர். வல்லரசுகள் மனம் வைத்தால் சிற்றூரிலும் விளக்கெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் 2023 ஜூலை 28-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று சென்னையில் ஜி-20 நாடுகளின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் கூடினர். எல்லாவற்றிலும் ஒருமித்த முடிவு காண இயலாமல் கலைந்தனர். அதே நாளில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலியில், சுரங்க விரிவாக்கத்துக்கு எதிரான போராட்டம் மோதலாக முடிந்தது. அதற்கு இரு நாள் முன்புதான் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்கிடையே வாய்க்கால் வெட்டப்பட்டது. அங்கே பேசப்பட்டதும் இங்கே வெடித்ததும் ஒரே கேள்விதான்: நிலக்கரியை இனி என்ன செய்வது?

அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் கூடிய தலைவர்கள், நிலக்கரி மின்சாரத்தை அந்தந்த நாட்டின் நிலைமைக்கேற்பப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றனர். அவர்களுக்கு அது அறிக்கையில் ஒரு வரி. நமக்கு அது சோறு. நிலக்கரி குறைந்தால் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, தேநீர்க் கடைக்காரர் அனைவரும் என்ன ஆவர்? குறையாவிட்டால் நிலம் இழக்கும் உழவர் என்ன ஆவார்? 2011-இல் 'தானே' புயல் நம் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறக்க இயலுமா? புவி வெப்பமடைய வெப்பமடையப் புயல்களின் சீற்றமும் மிகும் என்கின்றனர் அறிவியலார்.

'உடனே மூடுக' என்றோ, 'தொடர்ந்து தோண்டுக' என்றோ நான் கூறவில்லை. மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்ந்துவிட்டது. அதே நிறுவனம் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரமும் ஆக்குகிறது. ஆனால் அந்தத் தகடுகளில் பெரும்பகுதி தென்மாவட்டங்களில் வெயில் காய்கின்றன. சுரங்கத்தை நம்பிய குடும்பம் அங்கே குடிபெயர முடியுமா? எனவே மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்பதே என் கேள்வி.

இதற்குப் பணம் தருவதாகப் பெரிய நாடுகள் சொல்லாமல் இல்லை. 2022-இல் பாலி மாநாட்டின்போது, இந்தோனேசியா நிலக்கரியைக் குறைக்க 2,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அமெரிக்கா அதிலிருந்து விலகிக்கொண்டது. வாக்களித்தவர் எழுந்து போனால் கேட்பாரில்லை என்பதே இச்சபையின் பெரும் நோய்.

அதற்காகச் சபையே வேண்டாம் என்பது, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போலாகும். 2025-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுக்கு அமெரிக்கா வராதபோதும், ஏனையோர் கூடி அறிக்கை வெளியிட்டனர். உயிர் இருக்கிறது; முதுகெலும்புதான் வேண்டும். நான் வேண்டுவன இரண்டே. ஒன்று, முந்தைய வாக்குகளில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, யார் தவறினர் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் சிறிய நிலையான அலுவலகம். மற்றொன்று, நெய்வேலி போன்ற நிலக்கரி நகரங்களுக்கென்று தனி நிதி. மூடிய பிறகு அன்று, மூடுவதற்கு முன்பே அது ஒதுக்கப்பட வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் வட்டத்து வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, பசித்தோர்க்காக இன்றும் அணையாமல் எரிகிறது. ஒருமுறை ஏற்ற கடமையை நாள்தோறும் செய்வதுதான் வாக்குக் காத்தல். உலகின் பெருஞ்செல்வர்களிடம் நாம் கேட்பதும் அதுவேயன்றி வேறில்லை.