மலையில் ஓய்வுநாள் என்று ஒன்று இல்லை

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை வழிகாட்டியுடன் நடந்து வருவதென்று எங்கள் நட்பு வட்டத்தில் ஒன்பது பேர் முடிவு செய்த நாள்முதல், பயண முகவர்கள் அனுப்பும் திட்டங்கள் வந்து குவிகின்றன. அவை எல்லாவற்றிலும் ‘ஓய்வுநாள்’ என்றொரு சொல் இடம்பெற்றிருக்கிறது. நாம்சே பஜாரில் ஒன்று, திங்போச்சேயில் ஒன்று. இந்தச் சொல்லைத்தான் முதலில் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது எங்கள் வாதம். ஓய்வு என்றாலே, வேண்டாதவர் விட்டுவிடலாம் என்ற பொருள் நம்மவர் காதில் தானாக ஏறிவிடுகிறது. எங்கள் குழுவிலேயே இருவர், “நாங்கள் தினமும் ஓடுகிறவர்கள், எங்களுக்கு எதற்கு ஓய்வு? இரண்டு நாளையும் வெட்டினால் விடுப்பும் மிச்சம், பணமும் மிச்சம்” என்றார்கள். முகவர்களில் ஒருவர் அதற்கு மறுப்பே சொல்லாமல், இரண்டு நாள் குறைத்த திட்டத்தை மறுநாளே அனுப்பிவைத்தார். அந்த வேகம்தான் எங்களுக்கு அச்சமூட்டியது.

கணக்கை நேராகவே பார்ப்போம். லுக்லாவில் விமானம் விட்டிறங்கியதும் முதலிரவு பக்திங், 2,610 மீட்டர். மறுநாள் நாம்சே, 3,440. பிறகு தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக்ஷேப் 5,164. அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே யாரும் படுப்பதில்லை, கோரக்ஷேப்பிலிருந்து போய்த் திரும்புகிறார்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு உறங்கிய உயரத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறி உறங்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை, ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். மலை மருத்துவர்களின் பொதுவிதி இது. பக்திங்கிலிருந்து நாம்சே ஒரே நாளில் 830 மீட்டர். விதி அங்கேயே உடைந்துவிடுகிறது. அதை ஈடுசெய்யத்தான் நாம்சேயில் இரண்டாம் இரவு. தெங்போச்சேயிலிருந்து திங்போச்சே 550 மீட்டர். அதற்கும் ஈடாக அங்கே இரண்டாம் இரவு. அந்த இரண்டு இரவுகளையும் எடுத்துவிட்டால், பக்திங்கிலிருந்து கோரக்ஷேப் வரையிலான 2,554 மீட்டரை ஐந்து நாளில், நாளொன்றுக்குச் சராசரி 510 மீட்டர் வீதம் ஏறுகிறோம். அவை இருந்தால் ஏழு நாள், சராசரி 365 மீட்டர். இந்த வேறுபாட்டுக்கு ‘ஓய்வு’ என்று பெயரிட்டது யாரோ தெரியவில்லை.

அந்த நாளில் உடல் சும்மா இருப்பதுமில்லை. அடிவார முகாமின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். காற்றில் பிராணவாயுவின் விழுக்காடு மாறுவதில்லை; ஒரு மூச்சில் உள்ளே வருவதுதான் பாதியாகிறது. உடல் விரைவாக மூச்சுவிட்டு அதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. அப்படி விடும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றி அதைச் சமன்செய்ய வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். தினமும் ஓடுகிறவருக்கு ஒரு கணக்கு, நாற்காலியில் உட்கார்ந்தே பழகியவருக்கு ஒரு கணக்கு என்று சிறுநீரகம் சலுகை காட்டுவதில்லை. சொல்லப்போனால் உடல்வலு உள்ளவரே வேகமாக ஏறிவிடுகிறார், தலைவலியைப் பொருட்படுத்தாமல் நடக்கிறார். டயமாக்ஸ் மாத்திரை இந்தச் சமன்செய்தலைச் சற்று விரைவுபடுத்துமே தவிர அதற்கு மாற்றாகாது. அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும், சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் குறிப்பாக.

தலைவலி, குமட்டல், பசியின்மை என்று தொடங்குவதுதான் உயரநோய். அத்துடன் நிற்பவரே பெரும்பாலோர். ஆனால் நேர்கோட்டில் நடக்க முடியாமல் ஒருவர் தள்ளாடினால் அது மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறங்குவது, நள்ளிரவானாலும் இறங்குவது. பெரிச்சேயில் 1973 முதல் இயங்கிவரும் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை இத்தகையோரைப் பார்ப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. 4,300 மீட்டர் உயரத்தில் ஒரு மருத்துவமனையை எதற்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று நாள்வெட்டும் நண்பர்கள் ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

இனி வழிகாட்டிக்கு வருவோம். “கைபேசியில் வரைபடம் இருக்கிறது, பாதை ராஜபாட்டை, வழிகாட்டி எதற்கு?” என்ற கேள்வி எங்களிடையேயும் எழுந்தது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டு மலைநடையர்கள் வழிகாட்டியின்றிச் செல்லலாகாது என்று நேபாளத்தில் விதி வந்தது. கும்பு உள்ளாட்சி அதைத் தன் எல்லையில் நடைமுறைப்படுத்தவில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி யாரையும் மடக்க முடியாது. அது நல்லதுதான், காரணத்தைப் பேசலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுச்செய்தியாக இருக்கக்கூடாது. வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக்கி ‘ஆற்றுப்படை’ என்று பெயரிட்ட மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடி. நன்னனிடம் பரிசில் பெற்று வரும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தனுக்கு மலைவழி சொல்கிறான். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், இரவில் எங்கே தங்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். வள்ளலின் புகழுக்கு இணையாக வழியின் இடரையும் பாடிய புலவர் பெருங்கௌசிகனார். இன்றைய நம் மலைப்பயணக் கட்டுரைகளிலோ ‘நான் ஏறினேன், நான் வென்றேன்’ என்பதே பல்லவியாக இருக்கிறது. வழிகாட்டி வந்தால் சிரித்த முகத்துடன் ஒரு நிழற்படத்தில் வருகிறார், பெயரின்றி. அல்லது ‘எங்கள் ஷெர்பா’ என்று. ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர், தொழிலின் பெயரன்று. அந்தப் பாதையில் மூட்டை சுமப்போரில் ராய், தமாங், மகர் இனத்தவர் ஏராளம். தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வருகிறவர்கள். உயரநோய் அவர்களையும் விடுவதில்லை.

இங்கேதான் மலிவுத் திட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. லுக்லா விமானக் கட்டணத்தையோ பூங்கா அனுமதிக் கட்டணத்தையோ எந்த முகவராலும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தவை மூன்று: நாட்கள், போர்ட்டரின் கூலி, போர்ட்டரின் எண்ணிக்கை. உயரநோயால் ஒரு சுமைதூக்குநர் இறந்ததையொட்டி 1997-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் போர்ட்டர் பாதுகாப்புக் குழு, நேபாளத்தில் ஒருவர் சுமக்கும் எடை 30 கிலோவைத் தாண்டலாகாது என்கிறது. நாம் பேரம்பேசிக் குறைத்த தொகை யாருடைய முதுகில் கிலோவாக ஏறுகிறது என்று கேட்பதை இரக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கணக்குப் பார்ப்பது, அவ்வளவுதான்.

வழிகாட்டிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காப்பீட்டுப் பணத்துக்காக, இலேசான தலைவலிக்கும் ஹெலிகாப்டரை அழைத்த மோசடியை நேபாள அரசின் விசாரணையே 2018-இல் வெளிக்கொணர்ந்தது. வழிகாட்டி உடனிருந்தால் ஒன்றும் நேராது என்பதும் இல்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திரதால் பாதையில் உள்ளூர் வழிகாட்டிகளுடன் சென்ற 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். இந்தச் செய்திகளைச் சொல்லி வழிகாட்டியே வேண்டாம் என்பது, மருத்துவரும் தவறுவார் என்பதால் மருத்துவமே வேண்டாம் என்பது போன்றது. நாம் பெற வேண்டியது வழி தெரிந்த ஒருவரை மட்டுமல்ல. ‘இன்று மேலே போக முடியாது, திரும்புங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை. அந்த அதிகாரத்தை அவர் சம்பளம் வாங்கும் நாமே முன்கூட்டி எழுத்தில் கொடுத்தாலொழிய அவரால் அதைப் பயன்படுத்த முடியாது. பணம் கட்டிய ஒன்பது பேர் முறைத்துப் பார்க்கையில் தனியொருவர் எப்படி மறுப்பார்?

விடுப்புக் கிடைக்காது என்பதை மட்டும் நாங்கள் மறுக்கவில்லை. எங்களுக்கும் அதே கல்லூரி நாட்காட்டிதான். மேகம் சூழ்ந்தால் லுக்லா விமானங்கள் ஓரிரு நாள் பறக்காமலே போவதும் உண்டு, ஆகவே உபரி நாளும் சேர்க்க வேண்டும். அத்தனை நாள் இல்லாதவர் தெங்போச்சேயுடன் திரும்பட்டும். மடத்தின் முற்றத்தில் நின்றால் 6,812 மீட்டர் அமா தப்லாம் கண்ணெதிரே நிற்கிறது. நுப்ட்சே மதிலுக்குப் பின்னால் எவரெஸ்டின் முடியும் தெரிகிறது. நாள்களை வெட்டி, தலைவலியை மறைத்து அடிவார முகாமுக்கு ஓடுகிறவருக்கோ அங்கிருந்து எவரெஸ்டின் சிகரம் தெரியாது. அதைக் காண எதிரே உள்ள காலாபத்தரில் ஏற வேண்டும். இந்த எளிய செய்தியை முகவர்களின் வண்ணத்தாள்கள் ஏனோ பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

முகவர்களுக்கு நாங்கள் எழுதியுள்ள கடிதத்தில் ஐந்து கேள்விகள். இரண்டு நாம்சே இரவுகளும் இரண்டு திங்போச்சே இரவுகளும் திட்டத்தில் உறுதியா? வழிகாட்டி ஒருவரைக் கீழே அழைத்துச் சென்றால் மற்றவர்களோடு இருக்கத் துணை வழிகாட்டி உண்டா? போர்ட்டர் ஒருவருக்கு எத்தனை கிலோ? அவருக்குக் காப்பீடும் கம்பளி உடையும் தங்குமிடமும் யார் பொறுப்பு? நோயுற்ற போர்ட்டரைத் தனியே கீழே அனுப்புவீர்களா, துணையுடனா? நால்வரிடம் கேட்டோம். ஒருவர் விரிவாக விடை எழுதியிருக்கிறார். அவருடைய தொகைதான் நான்கிலும் அதிகம். முன்பணம் அவருக்கே போகிறது.