சூலை நோயும் என் அத்தையும்

மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவன்

"உனக்கும் ஒரு நாளு சூலை நோய் வரும்டா தம்பி. அன்னிக்குத் தெரியும், சாமி இருக்கா இல்லையான்னு."

இப்படிச் சொன்னவர் என் பகைவர் அல்லர். என் தந்தையின் மூத்த உடன்பிறப்பு, என் அத்தை. எனக்கு அம்மை வார்த்திருந்தபோது பத்து நாள் வேப்பிலையும் கையுமாக என் பக்கத்திலேயே இருந்தவர். முந்திரிக் கொட்டை விற்ற பணத்தில், நான் கல்லூரிக்கு வருவதற்கென்று இரண்டு சட்டை எடுத்துக் கொடுத்தவர். அவர் வாயிலிருந்தே சாபம் போல ஒரு சொல் வருமானால், வாங்கிக்கொள்பவன் என்ன செய்வது?

இம்மலரைப் புரட்டும் நண்பர்களில் பலருக்கும் இப்படி ஓர் அத்தையோ, பெரியப்பாவோ, மாமாவோ இருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கோயிலுக்குப் போகாதவனைக் கடியும் அத்தை ஒரு வீட்டில். போகிறவனை "படித்தும் மூடன்" என்று எள்ளும் பெரியப்பா இன்னொரு வீட்டில். நம் நம்பிக்கையை நாம் கேளாமலே தராசில் வைத்து எடைபோட்டு, "குறைகிறது" என்று தீர்ப்புக் கூறுகிறார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்கொள்வது எப்படி என்பது பற்றித்தான் எழுத முனைகிறேன். எனக்கு விடை முழுதும் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டா.

முதலில் சூலை நோய் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். திருவதிகைக் கோயில் எங்களுக்கு நடை தூரம். பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர்தாம் பின்னாளில் திருநாவுக்கரசர் எனப்பட்ட மருணீக்கியார். அவர் சைவத்தை விட்டுச் சமணத்தில் சேர்ந்தார். இன்று கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்று விளங்கினார். அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகித் தொண்டு செய்துகொண்டு, தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார். தம்பிக்குச் சூலை நோய் வந்தது. சமணர் மருந்துக்கும் மந்திரத்துக்கும் அது அடங்கவில்லை. தமக்கையிடம் ஓடி வந்தார், திருநீறு பெற்றார், திருந்தினார். என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், திருவதிகையில் நடக்கும் சொற்பொழிவுகளைக் கேட்டுக் கேட்டு இக்கதை அவருக்கு மனப்பாடம். அதில் அவர் திலகவதியார். நான் இன்னும் நோய் வராத தம்பி.

தீர்ப்பு வந்த சூழலையும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு, நான் இக்கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில், ஐப்பசியில் என் தந்தை மறைந்தார். கொள்ளி வைத்தேன், மொட்டை அடித்துக்கொண்டேன், பதினாறாம் நாள் கருமாதியும் செய்தேன். கை செய்தது, மனம் அங்கே இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னேன். எள்ளை இறைக்கச் சொன்ன இடத்தில் இறைத்தேன். அப்பா எங்கோ பசியோடு காத்திருக்கிறார் என்று என்னால் எண்ண முடியவில்லை. நெருப்போடு முடிந்தது என்றே தோன்றியது. அடுத்த ஆண்டு முதல் திதி வந்தபோது, "என்னால் முடியாது, நம்பாததைச் செய்ய மாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சித்தப்பா செய்தார். "மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான், தம்பி எள்ளுந் தண்ணியும் விடறான்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போனார். அன்று அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அவர் பிறந்த வீட்டில், உடன்பிறந்தவன் திதி நாளில், சாப்பிடாமல் போனார். என் அம்மா அன்று இரவெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களிடம் யோசனை கேட்டேன். விடுதி நண்பர்களுக்கு யோசனை சொல்வதில் என்ன குறை!

ஒருவன் சொன்னான்: "சும்மா பூசிக்கொண்டு போயேன். நீறு ஒட்டினால் நெற்றி தேய்ந்துவிடுமா?" பலரும் இதைத்தான் செய்கிறோம். ஆனால், எனக்கு இது ஒப்பவில்லை. அத்தைக்கு அந்த நீறு விளையாட்டு அன்று, உயிர். அவர் உயிராகப் போற்றுவதை நான் முகப்பூச்சாகப் பூசிக்கொண்டு நின்றால், அது அவரை மதிப்பதாகுமா? நேருக்கு நேர் மறுப்பவனைவிட நடிப்பவனே அவருடைய நம்பிக்கையை அதிகமாக இகழ்கிறான் என்பது என் கருத்து.

இன்னொருவன் பட்டிமன்றப் பேச்சாளன். "அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்று உரிமை தருகிறது. எடுத்துச் சொல்!" என்றான். உண்மைதான். ஆனால், அந்தப் பிரிவு என்னை அரசிடமிருந்து காக்கும், அத்தையிடமிருந்து காக்காது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அத்தை வைத்ததுதான் சட்டம், மேல்முறையீடும் கிடையாது. பட்டிமன்றத்தில் நடுவர் மணி அடித்தால் இருவரும் சேர்ந்து தேநீர் குடிக்கப் போகலாம். வீட்டில் வென்றவனும் தோற்றவனும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமே!

மூன்றாமவன், "உறவை வெட்டி விடு" என்றான். அவனுக்கு மாதந்தோறும் வீட்டிலிருந்து தாராளமாகப் பணம் வருகிறது. தேர்வுக் கட்டணத்துக்கு மாமாவையும், சாப்பாட்டுக் கட்டணத்துக்குச் சித்தப்பாவையும் நம்பிப் படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெண்ணாக இருந்தால் இன்னும் சிக்கல். "படிக்க வைத்ததால்தான் இப்படிப் பேசுகிறாள்" என்று படிப்பையே நிறுத்தும் வீடுகள் இன்றும் உண்டு. அத்தகைய தோழியிடம் "துணிந்து பேசு" என்று மேடையேறி முழங்க எனக்கு வாய் வராது. பட்டம் கையில் வரும்வரை அவள் பேசாதிருந்தாலும் அது கோழைத்தனம் ஆகாது. நடிப்பைப் பழித்தவன் இப்படிச் சொல்கிறானே என்பீர்கள். என் வீட்டில் நான் இழந்தது அத்தையின் முகத்தை மட்டும். அவள் இழக்கக்கூடியது அதைவிடப் பெரிது.

எனக்கு உண்மையிலே உதவியவர் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர். அவர் நெற்றி நிறையத் திருநீறு அணிபவர். அத்தையின் சூலைச் சாபத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "பெரியபுராணத்தில் அந்தப் பகுதியை நீ படித்திருக்கிறாயா, கேட்டதோடு சரியா?" என்றார். கேட்டதோடு சரி. நூலகத்தில் எடுத்து, உரையின் துணையோடு படித்தேன்.

படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். நோய் தாங்காத தம்பி, தமக்கையை அழைத்து வர ஆள் அனுப்புகிறார். திலகவதியார் வர மறுத்துவிடுகிறார்! சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறார். திருமணம் நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்ட பின்பு, தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர் அவர். அந்தத் தம்பி வயிற்று வலியில் துடிக்கும்போதும் தம் கொள்கையை விட்டு ஓரடி நகரவில்லை. இதைக் கொடுமை என்றுகூட எனக்கு முதலில் தோன்றியது. பிறகு மேலே படித்தேன். தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, "ஏன் போனாய்? இப்போது தெரிந்ததா?" என்று அவர் ஒரு வார்த்தை இடித்துரைத்ததாகக் காணவில்லை. எழுப்பினார், நீறு கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சைவர் பக்கத்தில் நின்று பாடியது. ஏழாம் நூற்றாண்டுச் சமணர்கள் தங்கள் தலைவரைப் பறிகொடுத்த கதையை எழுதியிருந்தால் வேறு விதமாக இருந்திருக்கும். வரலாற்று மாணவன் இதைச் சொல்லாமல் இருக்கலாகாது. அது கிடக்க. அத்தை சொல்லும் கதையில் நோய்தான் பெரிதாக நின்றது. நூலில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு: கொள்கைக்கு எல்லை போட்டுக்கொண்டவர், தம்பிக்குக் கதவை அடைக்கவில்லை. அதை அத்தையிடம் எதிர்பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால், பேராசிரியர் கேட்ட அடுத்த கேள்வி என்னைத் திருப்பிப் போட்டது. "சரி, நீ கதவைத் திறந்து வைத்திருக்கிறாயா?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தை மறைந்து மூன்று மாதம்கூட ஆகியிராது. துண்டறிக்கைகளும் சிறு நூல்களும் படித்துப் புதிய வேகத்தில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். "எண்ணெய் விற்கிற விலையில் இது எதற்கு? உன் சாமிக்கு இருட்டில் கண் தெரியாதா?" என்று கேட்டேன். கணவனை இழந்தவள், பொட்டும் பூவும் போனவள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஓர் அகல். அத்தை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தீர்ப்புச் சொல்ல அத்தைக்கு என்ன உரிமை என்று பின்னர் நான் பொங்கியபோதெல்லாம், முதல் தீர்ப்பை எழுதியவன் நான்தான் என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

நம் விடுதியிலும் இது நடக்கிறது. நெற்றியில் நீறோடு வரும் நண்பனையும், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படும் நண்பனையும், சாப்பிடுமுன் கண்மூடிச் செபிக்கும் நண்பனையும் கிண்டல் செய்து சிரித்த கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். சுயமரியாதை இயக்கம் 1925இல் தோன்றியது கேள்வி கேட்கும் துணிவைத் தரவே; கேலி செய்யும் உரிமத்தை அன்று. பெரியாரும் திரு.வி.க.வும் கருத்தில் மோதியவர்கள், நட்பை விடாதவர்கள். ஈரோட்டில் தம் வீட்டில் தங்கிய திரு.வி.க. குளித்து வந்ததும், பெரியாரே திருநீற்றை எடுத்து நீட்டினார் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். கைதட்டிவிட்டு விடுதிக்கு வந்து மறந்துவிடுகிறோம்.

பேராசிரியரின் கேள்விக்குப் பிறகு அத்தை வீட்டுக்குப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? வரலாறு படித்தவன் அல்லவா! வள்ளலாரை இழுத்தேன். "அத்தை, வடலூர் வள்ளலாரே கருமாதி, திதி வேண்டாம்னுதானே சொல்லியிருக்கார்? அவரைவிடவா நமக்குப் பக்தி?" என்றேன். அத்தை முந்திரிக் கொட்டை உடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "அவரு சோதியில கலந்தவரு. நீ பண்ருட்டி பஸ்ஸுல வந்தவன்."

வாயடைத்துப் போனேன். சிரிப்பும் வந்தது. அத்தையும் லேசாகச் சிரித்தார் என்றே நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் உடைத்தோம். அப்புறம் அவராகவே, "உங்கப்பன் பசி தாங்க மாட்டான்டா. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடம் விட்டு வந்தா, சோறு கொஞ்சம் நேரமானாக்கூட அழுவான். நாந்தான் ஊட்டுவேன்" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் இதுவரை சமயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை தம்பியின் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது கொள்கை. அவருக்கு அது பட்டினி. உறவினர் தரும் தீர்ப்புகள் எல்லாமே இப்படி அச்சத்தில் பிறந்தவை என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு முன் தலை நிமிர்வதற்காக நம்மை வளைப்பவர்களும் உண்டு. பிள்ளையை அடக்கச் சாமியைத் துணைக்கழைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது வீண் வேலை. "அது என் மனசு, விடுங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதே நல்லது. ஆனால், தீர்ப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டு முடிக்கலாம்.

2024 ஐப்பசியில் இரண்டாம் திதி வந்தது. சித்தப்பாவே செய்தார். செம்பையும் வாழை இலையையும் தூக்கிக்கொண்டு கெடிலக் கரைவரை நானும் கூடப் போனேன். மந்திரம் சொல்லவில்லை, எள் இறைக்கவில்லை. சித்தப்பா தண்ணீரில் இறங்கியபோது வழுக்காமல் கை கொடுத்தேன். பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு, ஒரு சிப்பம் அரிசியோடு வடலூர் போனேன். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறதே, அந்தத் தருமசாலையில் அரிசியைக் கொடுத்துவிட்டு வந்தோம். இதை நான் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிச் செய்யவில்லை. அத்தையிடமும் அப்படிச் சொல்லவில்லை. பசித்தவர் சாப்பிடுவார் என்பது எனக்கும் நம்பக்கூடியதாய் இருந்தது, அவ்வளவே.

திரும்பி வந்தபோது அத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஓராண்டுக்குப் பிறகு வந்திருந்தார்.

"எத்தினி பேரு சாப்பிட்டாங்க?"

"எண்ணலைங்க அத்தை. வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு."

"உங்கப்பனுக்கு வரிசையில நின்னு பழக்கமில்ல" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தார். சோற்றுக்கு அழைத்ததற்கு, "இருக்கட்டும், அடுத்த வருசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார். நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் என் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.