ராக்கெட் வெடிகுண்டாகுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாலிபரும் முதியோரும் தம் கையால் ராக்கெட் கட்டி வானில் ஏவி மகிழும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதை வெறும் விளையாட்டென்று இகழ்வோர் உண்டு. பேரபாயமென்று அஞ்சுவோரும் உண்டு. இரு சாராரும் விஷயத்தை உள்ளபடி அறியாதவரென்பதே நமது அபிப்பிராயம்.

அந்த ராக்கெட்டின் அங்கங்கள் சிலவே. காற்றைக் கிழித்துச் செல்லும் கூம்பு முனை, உடலாகிய குழாய், நேர்வழி பிறழாமற் காக்கும் வால் சிறகுகள், உந்தித் தள்ளும் மோட்டார், இறங்குகையில் விரியும் பாராசூட் என்பன அவை. காற்றின் அழுத்தம் கூடும் மையம், பாரத்தின் மையத்திற்குப் பின்னால் குழாயின் ஒரு விட்ட அளவேனும் தள்ளியிருத்தல் வேண்டும். அன்றேல் ராக்கெட் தலை தடுமாறும். மோட்டாரின் மொத்த உந்தலை நியூட்டன்-விநாடிக் கணக்கில் அளந்து, ஆங்கில எழுத்துக்களால் வகைப்படுத்துகிறார்கள். ஓர் எழுத்து ஏறினால் உச்ச வரம்பு இரட்டிக்கும். ஜி வகையின் வரம்பு 160. அதற்கு மேற்பட்ட எச் முதலியவை உயர்விசை வகையாம்.

உயர்விசை மோட்டாரை நினைத்த மாத்திரத்தில் எவரும் வாங்கிவிட முடியாது. தேசிய ராக்கெட் சங்கமும் டிரிபோலி சங்கமும் மூன்று படிகள் விதித்திருக்கின்றன. எச், ஐ வகைகளுக்கு முதற்படி. ஜே, கே, எல் வகைகளுக்கு இரண்டாம் படி. அவற்றுக்கு மேல் மூன்றாம் படி. தானே கட்டிய ராக்கெட்டை ஏவிச் சேதமின்றி மீட்டுக் காட்டுபவனுக்கே முதற்படி கிட்டும். இரண்டாம் படிக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு.

இவ்வளவு ஒழுங்கிருந்தும், அந்நாட்டுச் சர்க்கார் மோட்டாரில் எரியும் அம்மோனியம் பெர்குளோரேட் கலவையை வெடிமருந்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. இரு சங்கங்களும் 2000-ல் வழக்குத் தொடுத்து, ஒன்பது ஆண்டுகள் சளையாது வாதாடின. வெடிமருந்தென்று கொள்ளத்தக்க வேகத்தில் அக்கலவை எரிகிறதென்பதற்குச் சர்க்கார் போதிய ஆதாரம் காட்டவில்லையென்று கண்டு, 2009 மார்ச்சு மாதத்தில் வாஷிங்டன் சமஷ்டிக் கோர்ட்டு அதைப் பட்டியலில் வைத்தது செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

கட்டுப்பாடே கூடாதென்று அச்சங்கத்தார் கேட்கவில்லை. தமக்குத் தாமே விதி வகுத்து அதன்படி நடந்தவர்களாதலின், அறிவுக்குப் பொருந்தாத விதியை எதிர்க்கும் தகுதி அவர்களுக்கு இருந்தது. சுதந்திரத்தை விரும்பும் எந்த ஜன சமூகமும் இதை மனத்திற் பதித்தல் தகும்.

நமக்கு இது புறம்பான விஷயமன்று. 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் ஹைதர் அலியின் சேனை ராக்கெட்டுகளைக் கொண்டு ஆங்கிலப் படையைக் கலக்கிற்று. மைசூரின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தே காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டு ராக்கெட்டை உருவாக்கினார். நம்மவர் கலையைப் பிறர் கற்றுப் பெருக்கினர். அதை மீண்டும் கற்க நம் வாலிபருக்குத் தக்க ஆசிரியரும், திறந்த மைதானமும், முறையான பரீட்சையும் அமைத்துத் தருதல் சர்க்காரின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்பது பொதுஜனங்களின் கடமை. வெளிப்படையாகக் கற்கும் வழியை அடைத்தால் ஆர்வமுள்ளவர் மறைவிடத்தில் முயல்வார்கள். அஞ்சத்தக்க அபாயம் அங்கேதான் இருக்கிறது.